தெய்வானை மேடத்தின் நான்காம் பெட்டி

சாந்தினி சௌக்கில் கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு கடையின் முன்னால் நின்று உள்ளங்கையில் ஒரு ஸ்பிரிங்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய அலாரக் கடிகாரத்திலிருந்து கழற்றியது. ஐந்து மாதமாக டெல்லி முழுக்க நாங்கள் தேடிய ஸ்பிரிங். அகலம் சரி, கனம் சரி, துருவும் இல்லை. மேடத்துக்குச் சொல்லலாம் என்று மொபைலை எடுக்கும்போதே அது அடித்தது. திரையில் அவர் பெயர்தான்.

"மேடம், கெடச்சிட்டு! ஸ்பிரிங் கெடச்சிட்டு! அளந்து பாத்துட்டேன், அச்சு அசலா அதேதான்!" என்று கத்தினேன். கடைக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.  மறுமுனையில் அவருடைய கணவர் செல்வராஜ் அண்ணனின் குரல் வந்தது. "பரமசிவம்... தெய்வானை காலைல போயிட்டாளுங்க. மாரடைப்பு. நீங்க வந்துருங்க." நான் ஸ்பிரிங்கைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மெட்ரோவுக்கு ஓடினேன்.

மேடத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். அடக்கமாக, கனமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. அவரை நினைத்தாலே எனக்குக் கை பரபரக்கிறது, எதையாவது கழற்ற வேண்டும் போல இருக்கிறது. ஆகவே இந்த அஞ்சலி கொஞ்சம் படபடப்பாகவே இருக்கும். இதில் நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அவரும் நானும் ஒரே அமைச்சகத்தில், ஒரே செக்‌ஷனில் பதினேழு வருஷம் வேலை பார்த்தோம். அவர் செக்‌ஷன் ஆபீஸர், நான் அவருக்குக் கீழே அசிஸ்டென்ட். அவர் கோயம்புத்தூர்ப் பக்கம், நான் திருநெல்வேலிப் பக்கம். வயதில் எனக்கும் அவருக்கும் ஆறு மாத வித்தியாசம்தான். ஃபைல் விஷயத்தில் அவர் எமகாதகி. பக்க எண் இல்லாத தாள் அவருக்குத் தாளே அல்ல. ஃபைலிலிருந்து ஒரு தாள் வெளியே போனால், அது இருந்த இடத்தில் யாரிடம் போயிருக்கிறது என்று ஒரு சீட்டு இருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் தாள் காணாமல் போனால் செக்‌ஷனில் அன்றைக்கு யாரும் டீ குடிக்கப் போக முடியாது.

நாங்கள் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் முன்பு, மேடம் வீட்டுக்குப் பக்கத்தில், கிட்வாய் நகரில் பழைய குவார்ட்டர்ஸ்களைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டப் போகிறார்கள் என்று வீட்டுக்கு வீடு சாமான்கள் வெளியே வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவின் தள்ளுவண்டியில், பழைய பேப்பர்களுக்கு நடுவே, ஒரு தகரப் பெட்டியை மேடம் பார்த்துவிட்டார். உள்ளே சாவி கொடுத்து ஓட்டும் தகர பொம்மை ரயில், ஒரு எஞ்சினும் ஆறு பெட்டிகளும், வளையமாகப் பூட்டும் தகரத் தண்டவாளமும். சக்கரங்கள் துருவில் இறுகிப்போய், கூரை நசுங்கி, பார்க்கவே பாவமாக இருந்ததாம். அவரிடம் பர்ஸ் இல்லை. "பையா, ஏக் மினிட்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடி, அடுப்படியிலிருந்த பிரஷர் குக்கரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

குக்கருக்குள் வேக வைத்த பருப்பு இருந்தது. இதைச் செல்வராஜ் அண்ணன் சாகும்வரை சொல்லிக் காட்டினார் என்று எழுத வந்தேன். பிறகுதான் உறைத்தது, போனது அவர் இல்லையே. சொல்லிக் காட்டுவதற்கு ஆள் இல்லாமல் இப்போது அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் ஆபீஸில் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தாத குறையாகக் குரலைத் தாழ்த்தி, "சார், ஒரு அர்ஜன்ட் மேட்டருங்க. சாயங்காலம் வீட்டுக்கு வாங்க" என்றார். யாரோ மேலிடத்தில் புகார் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து நான் மதியம் சாப்பிடக்கூட இல்லை. போய்ப் பார்த்தால் சாப்பாட்டு மேஜையில் பழைய வேட்டி விரித்து, அதன்மேல் ரயில். பக்கத்தில் ஏழு புத்தம் புது ஃபைல் உறைகள். எஞ்சினுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒவ்வொன்று. பேனாவை என்னிடம் நீட்டி, "முதல் பெட்டி, முதல் நோட்டிங். என்ன நெலமைல இருக்குன்னு எழுதுங்க சார்" என்றார்.

சிரிக்காதீர்கள். அந்த ரயிலை நாங்கள் அரசாங்க முறைப்படித்தான் சீர்செய்தோம். நான் பெட்டியைப் பார்த்து நோட் எழுதி மேலே அனுப்புவேன். மேலே என்றால் மேஜையின் எதிர்ப்பக்கம். அவர் படித்து, கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட்ட பிறகுதான் கருவியைத் தொடலாம். ஓய்வு பெற்ற பிறகு இது இன்னும் கடுமையாகிவிட்டது. ஆர்.கே.புரத்திலிருந்து பஸ் பிடித்து வாரத்துக்கு இரண்டு நாள் நான் அவர் வீட்டுக்கு டியூட்டிக்குப் போனேன். பத்து நிமிஷம் தாமதமானால் கடிகாரத்தைப் பார்ப்பார்.

தகர ரயில் பெட்டியில் திருகாணி அதிகம் இருக்காது. பக்கத் தகட்டிலிருந்து சின்னச் சின்ன நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை அடித்தகட்டின் துளைகளுக்குள் நுழைந்து மடங்கிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நாக்கை நிமிர்த்தினால்தான் பெட்டி திறக்கும், அவசரமாக நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். நான் முதல் நாளே குறடை எடுத்தேன். கையிலேயே ஒரு தட்டு தட்டினார். "இந்த நாக்கு ஆயுசுக்கும் நாலு தடவைதான் மடங்கும்னு வெச்சுக்கோங்க. மூணு தடவை ஏற்கெனவே யாரோ மடக்கிருப்பாங்க. நம்மளை நம்பித்தானுங்க அது நிமிருது" என்றார். ஐஸ் குச்சியின் முனையைச் சீவி, அதை வைத்து ஒரு நாக்குக்குப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். கடைசி நாக்கு நிமிர்ந்து கூரை தனியே கையோடு வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் கைதட்டிய சத்தத்தில் அண்ணன் தூக்கத்திலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! அறுபது எழுபது வருஷமாக யாரும் பார்க்காத இடத்தை நாம் முதலில் பார்க்கிறோம். இரண்டாம் பெட்டிக்குள் ஒரு சின்ன வளையல் துண்டு இருந்தது. மூன்றாம் பெட்டியில் நாலைந்து அரிசி மணிகள், யாரோ சரக்கு ஏற்றியிருக்கிறார்கள். சக்கர அச்சுகளைப் புளிக்கரைசலில் ஊறப் போட்டோம். அன்றைக்கு ரசத்துக்குப் புளி இல்லை. கழற்றிய சாமான்களை அஞ்சறைப் பெட்டியில் பிரித்து வைத்தோம். கடுகும் சீரகமும் பழைய டம்ளர்களுக்குக் குடிபெயர்ந்தன. ஊசி முனையில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு எடுத்து அச்சில் விட்டு, விரலால் சுண்டி, சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று இரண்டு கெஸட்டட் வயசாளிகள் தரையில் உட்கார்ந்து எண்ணினோம். நான் கெஸட்டட் இல்லை. அவர்தான். எழுதும் வேகத்தில் எனக்கும் பதவி உயர்வு கொடுத்துவிட்டேன்.

நான்காம் பெட்டிதான் உச்சம். அதன் மேலே பச்சை பெயின்ட் கன்னாபின்னாவென்று அடித்திருந்தது. கூரையைக் கழற்றித் திருப்பியதும் மேடம் "அய்யோ சார்!" என்று எழுந்து நின்றுவிட்டார். உள்பக்கம் நெய் டப்பாவின் படம் அச்சடித்திருந்தது. மாடு, புல்வெளி எல்லாம். அது தொழிற்சாலைப் பெட்டியே அல்ல! தொலைந்துபோன ஒரு பெட்டிக்குப் பதிலாக, யாரோ நெய் டப்பாவை வெட்டி மடக்கி, மற்றவை போலவே செய்திருக்கிறார். போதாததற்கு, பக்கத் தகட்டில் பச்சை பெயின்ட் உதிர்ந்திருந்த ஒரு மூலையில் சிவப்பில் ஒரு எழுத்து தெரிந்தது. மேடம் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். என்னிடம் கொடுத்தார். நான் பார்த்தேன். 'ணி'. தமிழ் 'ணி'. அதற்கு முன்னால் இன்னும் எழுத்துகள் பச்சைக்கு அடியில் இருப்பது மேடாகத் தெரிந்தது.

"கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ்ல நம்மாளு ஒருத்தர் உக்காந்து பண்ணிருக்காருங்க. புள்ள பேரை எழுதிருக்காரு" என்றார் மேடம். அவர் கண் கலங்கியிருந்தது. அடுத்த நொடியே ஆரம்பித்துவிட்டார். "என்னவா இருக்குமுங்க? ராணியா? கல்யாணியா?" "ருக்மணியா இருக்கும் மேடம், நீளமால்லா தெரியுது" என்றேன் நான். அன்று முழுக்க இதே பேச்சு. பெயர் தெரிந்தால் அந்தக் குடும்பத்தைத் தேடிப் பிடித்துவிடலாம் என்று அவர் முடிவே செய்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் டெல்லியில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்! அந்த ஆண்டு எங்கள் இருவருக்கும் அதைவிடப் பெரிய லட்சியம் எதுவும் இருக்கவில்லை.

இனி வருவதுதான் நான் சொல்ல வேண்டிய விஷயம்.

நான் ஒரே நாளில் இரண்டு நோட் எழுதினேன். நான்காம் பெட்டிக்கு: எழுத்துகள் இருப்பதால் ஈரப் பஞ்சால் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையை எடுக்கலாம். ஐந்தாம் பெட்டிக்கு: பின்னால் அடித்த பெயின்ட் ஒன்றுக்கும் ஆகாது, தின்னர் போட்டுத் துடைக்கலாம். உறையில்தான் எண் இருக்கிறதே என்ற திமிரில் தாளில் பெட்டி எண்ணை எழுதவில்லை. உறைக்குள் வைக்கும்போது இரண்டையும் மாற்றி வைத்துவிட்டேன். மேடம் அன்று மாலை தம்பி மகள் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு கையில் புடவைப் பெட்டி, ஒரு கையில் பேனா. "ஜல்தி குடுங்க சார்" என்று நின்றபடியே இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து, மேடம் இன்னும் ஊரிலிருந்து திரும்பாதபோது, தின்னர் நாற்றம் அவர் வீட்டில் வேண்டாம் என்று, பெட்டியையும் ஃபைலையும் என் வீட்டு பால்கனிக்குக் கொண்டுவந்தேன். நான்காம் பெட்டியின் ஃபைலைத் திறந்தேன். 'தின்னர் போட்டுத் துடைக்கலாம்.' கீழே மேடத்தின் கையெழுத்து. துடைத்தேன். கண்ணால் பார்த்த எழுத்து, வாயால் கல்யாணியா ருக்மணியா என்று விவாதித்த எழுத்து, அதெல்லாம் எங்கே போனது என்று கேட்காதீர்கள். முப்பத்தைந்து வருஷம் ஃபைலில் இருப்பதைச் செய்தே பழகிய கை. துணி பச்சையாகி, பிறகு சிவப்பானது. அப்போதுதான் எனக்குச் சுரணை வந்தது. மூலையில் 'ணி' மட்டும் மிச்சம் இருந்தது. முன்னால் வெறும் தகரம்.

அடுத்து நான் செய்தது அதைவிடக் கேவலம். மேடம் ஊரிலிருந்து வருவதற்குள் அவர் வீட்டுக்குப் போய், ஐந்தாம் பெட்டியின் ஃபைலைத் திறந்து, பஞ்சு என்று எழுதியிருந்த ஏழாம் பக்கத்தை உருவி என் பஸ் பாஸ் உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். தாள்கள் இடம் மாறியதற்கு இனி சாட்சி இல்லை; பார்த்தால், நான்காம் பெட்டிக்கே நான் தின்னர் என்று நோட் எழுத, மேடம் யோசிக்காமல் சம்மதித்ததாக ஆகிவிடும். குற்றத்தில் பாதி அவருக்கு.

மேடம் வந்து பெட்டியைப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார். "கையெழுத்து என்னுதுதானுங்களே" என்றார். அவ்வளவுதான். பன்னிரண்டு நாள் என்னைக் கூப்பிடவில்லை. பதின்மூன்றாம் நாள் போன் செய்து "டியூட்டிக்கு வரலீங்களா?" என்று கேட்டார். போனபோது நான்காம் பெட்டியின் ஃபைலில் அவர் கையால் ஒரு பத்தி இருந்தது: 'எழுத்துகள் அழிந்ததற்கு நானே பொறுப்பு. படிக்காமல் கையெழுத்திட்டேன்.' பாதி அல்ல, முழுவதையும் எடுத்துக்கொண்டார். "அஞ்சாம் பெட்டியை இனிமே நானே பாத்துக்கறனுங்க" என்றும் சொன்னார். கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு நானும் அந்த ஃபைல் பக்கமே போகவில்லை.

உங்களில் பலர் அவர் வீட்டில் அந்த ரயிலைப் பார்த்திருக்கிறீர்கள். ரயிலை நிறுத்தி வைக்கும்போது 'ணி' இருக்கும் பக்கம் சுவரைப் பார்க்கும்படி எப்போதும் நான்தான் அடுக்கி வைப்பேன். அவர் வந்து பெட்டியைத் திருப்பி வைப்பார். யாராவது "இது என்ன 'ணி'?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே, "முன்னாடி இருந்ததை நான் அழிச்சுப்போட்டனுங்க. அவசரத்துல பண்ணுன கூத்து" என்பார். புதிதாக ஒரு பெயரை எழுதிவிடலாமே என்றவர்களிடம், "தெரியாததைத் தெரியாதுன்னு விட்டு வெக்கோணுமுங்க, அதுவும் ஒரு தகவல்தான்" என்பார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருப்பேன். எத்தனை முறை ஆட்டியிருப்பேன்! எனக்கே என் தலையைக் கழற்றி எறிய வேண்டும் போல இருக்கும்.

ஒருமுறை சொல்ல ஆரம்பித்தேன். "மேடம், அந்த நாலாம் பெட்டி விஷயம்..." என்றதும் அவர் சக்கரத்தைச் சுண்டிக்கொண்டே, "சித்தெ இருங்க, எண்ணிட்டு இருக்கறனுங்க" என்றார். நாற்பத்தொன்று வரை சுற்றியது. அதுவரை சுற்றியதிலேயே அதுதான் அதிகம். இருவரும் குதித்தோம். அந்தக் குதியில் என் தைரியம் கலைந்துவிட்டது. உண்மையில், கலைந்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

ஐந்து மாதம் முன்பு எஞ்சினின் ஸ்பிரிங் உடைந்தது. ரயில் நின்றது. "அது ஓடுனாத்தானுங்க எனக்குப் பொழுது விடியும்" என்று மேடம் தினமும் போன் செய்தார். நான் கரோல் பாக், சதர் பஜார் என்று அலைந்தேன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. ஸ்பிரிங் கிடைக்கும் அன்று, ரயில் ஓடும் சந்தோஷத்தில் அவர் இருக்கும்போது, ஏழாம் பக்கத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அப்போது திட்ட முடியாது அல்லவா? அன்று சாந்தினி சௌக்கில் நான் அப்படிக் கத்தியதற்கு அதுவும் காரணம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது, மேடத்தின் மகள் கவிதா என்னிடம் வந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். "அங்கிள், மம்மியோட டிரெய்ன் ஒரு தடவை ஓட்டுங்களேன், ப்ளீஸ். எல்லாரும் இருக்காங்க நா" என்றாள். தரையில் வேட்டியை விரித்தேன். எஞ்சினின் நாக்குகளை ஐஸ் குச்சியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். ஸ்பிரிங் உள்ளே போய், கொக்கியில் 'டக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்கு நான் என்னையறியாமல் எதிரே திரும்பி, "பாத்தியளா மேடம்!" என்றேன். எதிரே செல்வராஜ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். "பாத்தனுங்க" என்றார்.

எஞ்சினின் ஃபைலில் நோட் எழுத அலமாரியைத் திறந்தேன். ஐந்தாம் பெட்டியின் ஃபைலையும் சேர்த்து எடுத்தேன். பஸ் பாஸ் உறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, யாருக்கும் தெரியாமல் அதன் இடத்தில் செருகிவிடலாம் என்று எண்ணம். ஆறாம் பக்கத்தைப் புரட்டினேன். அடுத்து ஒரு சீட்டு இருந்தது, முறைப்படி டேக் நூலில் கோத்து. மேடத்தின் கையெழுத்து. அவர் என்னைக் கூப்பிடாத அந்தப் பன்னிரண்டு நாளில் ஒன்றின் தேதி.

'பக்கம் 7, திரு. பரமசிவம் வசம் உள்ளது. திரும்பி வரும்போது இங்கே வைக்கவும்.'

இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் படிக்கக் கண் தெரியவில்லை. அங்கேயே, எல்லோர் முன்னிலும் அழுதுவிட்டேன். பிறகு தாளை விரித்து, டேக்கைக் கழற்றி, ஏழாம் பக்கத்தை ஏழாம் பக்கமாகக் கோத்தேன். நான்காம் பெட்டியின் ஃபைலில் மேடம் எழுதிய பத்திக்குக் கீழே எழுதினேன்: 'மேற்கண்டது சரியல்ல. அழித்தது நான். மறைத்ததும் நான்.' மேலே கையெழுத்துப் போட ஆள் இல்லாத என் முதல் நோட் அது.

ரயிலைத் தண்டவாளத்தில் அடுக்கினேன். நான்காம் பெட்டியின் 'ணி' பக்கத்தை வெளியே, எல்லோரையும் பார்க்கும்படி வைத்தேன். "இதை அழிச்சது மேடம் இல்ல. நான்தான்" என்று சத்தமாகச் சொன்னேன். கவிதா என்னையே பார்த்தாள்.  சாவி கொடுத்து விட்டேன். எஞ்சின் ஒரு நொடி தயங்கி, பிறகு பாய்ந்தது! ஆறு பெட்டிகளும் கடகடவென்று பின்னாலேயே. வளைவில் சாயவில்லை, தடம் புரளவில்லை. ஒன்பது சுற்று ஓடி நின்றது. "இன்னொருக்கா சாவி குடுங்க பரமசிவம்" என்றார் அண்ணன்.

புறப்படும்போது, ஞாபகார்த்தமாக ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ரயிலைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாரத்துக்கு இரண்டு நாள் டியூட்டிக்கு வருவதாகவும் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு அந்தச் சீட்டுதான் வேண்டும் என்று கேட்டேன். தாள் திரும்பி வந்துவிட்டதால் ஃபைலில் இனி அதற்கு வேலை இல்லை. இப்போது அது என் பஸ் பாஸ் உறைக்குள், ஏழாம் பக்கம் இத்தனை வருஷம் இருந்த இடத்தில் இருக்கிறது.